யாரும் தோற்காத பரீட்சை

எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரசத்தில் புளி தூக்கல் என்பேன், கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போயிற்று என்பேன். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ள இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. மனதாரப் பாராட்ட ஒரு விஷயம் கிடைத்துவிட்டது: ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள்.

2015 செப்டம்பர் 25ஆம் தேதி நியூயார்க்கில் 193 நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டவை அவை. 2030க்குள் உலகில் வறுமை ஒழிந்திருக்கும், பசி போயிருக்கும், எல்லார் வீட்டிலும் நல்ல தண்ணீர் இருக்கும். எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது இந்தச் செவ்வாயா அடுத்த செவ்வாயா என்பதிலேயே இரண்டு கட்சியாகி, ஒரு வருஷம் திருவிழாவே நின்றுபோனது. 193 பேர் ஒரே தாளுக்கு முகம் கோணாமல் தலையாட்டினார்கள் என்றால், யார் மனமும் நோகாமல், யார் மடியிலும் கை வைக்காமல் அதை எழுதிய கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்.

அதற்கு முன்னால், 2000 முதல் 2015 வரை, எட்டு இலக்குகள் இருந்தன. எட்டுப் பாடத்தில் தட்டுத்தடுமாறிய பிள்ளைக்குப் பாடத்தைக் குறைப்பது சாதாரண வாத்தியார் செய்கிற வேலை. இவர்கள் பதினேழாக்கினார்கள். பதினேழின் கீழே 169 குறிக்கோள்கள், அவற்றை அளக்க 230க்கும் மேற்பட்ட அளவீடுகள். இதிலுள்ள சூட்சுமம் எனக்குப் பிடிபடவே சில வருஷம் ஆயிற்று. ஐந்து வேலை கொடுத்தால் எதைச் செய்யவில்லை என்று சட்டென்று தெரிந்துவிடும். 169 கொடுத்தால் எப்போது கேட்டாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும்.

அழகைச் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்வீடன் நாட்டு வடிவமைப்பாளர் யாக்கோப் ட்ரோல்பெக் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு நிறம் கொடுத்தார். வறுமைக்குச் சிவப்பு, பசிக்குக் கடுகு மஞ்சள், தண்ணீருக்கு வானீலம். பதினேழும் சேர்ந்த வட்டம் ஒரு பித்தான் மாதிரி கோட்டின் மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும். அமைச்சர், வங்கித் தலைவர், சிமென்ட் முதலாளி என்று எல்லார் கோட்டுக்கும் பொருந்துகிறது. இத்தனை ரகமான மனிதர்களுக்கு ஒரே அளவில் பொருந்துகிற ஒன்றை எந்தத் தையற்காரரும் இதுவரை தைத்ததில்லை. காலநிலையும் பதினேழில் ஒன்றுதான். 2023இல் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தால் பூனைக்குப் பொறுப்பு வந்துவிடும் என்று நம்புவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

ஆனால் என்னைச் சொக்க வைத்தது பரீட்சை முறைதான்.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் நியூயார்க்கில் ஒரு கூட்டம் நடக்கிறது. இலக்குகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நாடுகள் அங்கே அறிக்கை வாசிக்கும். தன்னார்வ தேசிய அறிக்கை என்று அதற்குப் பெயர். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: விருப்பப்பட்டால் எழுதலாம், விருப்பப்பட்டதை எழுதலாம். கேள்வித்தாள், விடைத்தாள், சிவப்புப் பேனா மூன்றும் மாணவன் கையிலேயே. காப்பியடிப்பது என்ற குற்றத்துக்கே இடமில்லாத பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான். இந்தியா 2017, 2020, 2025 என மூன்று முறை எழுதியிருக்கிறது. அமெரிக்கா இதுவரை ஒருமுறைகூட எழுதவில்லை. 2025 மார்ச்சில் அது ஐ.நா. சபையில் எழுந்து, இந்த இலக்குகளை நிராகரிக்கிறோம் என்றே சொல்லிவிட்டது. ஒன்பது வருஷம் பரீட்சை ஹாலுக்கே வராத பையன், கடைசியில் வந்து பாடப்புத்தகமே பிடிக்கவில்லை என்கிறான். ஆனாலும் அவனைத் திட்ட மனம் வரவில்லை. மற்றவர்கள் செய்வதை அவன் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணை வெளியிடுவதிலும் ஒரு நயம் இருக்கிறது. ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, குறிக்கோள்களில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருக்கின்றன என்று போட்டு உடைத்தது. படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஆண்டு, சரியான பாதையில் இருப்பவற்றோடு சுமாராக நகர்பவற்றையும் சேர்த்து 35 சதவீதம் என்று முன்னால் நிறுத்தினார்கள். 35! நம் ஊரில் எந்த அப்பாவும் பெல்ட்டைக் கழற்றாமல் கையெழுத்துப் போடுகிற மார்க்கு. 18 சதவீதம் 2015இல் இருந்த இடத்துக்கும் பின்னால் போய்விட்டன என்ற வரியும் அதே அறிக்கையில் இருக்கிறது. பின்னால் போவதும் நகர்வுதானே.

இந்த வித்தையில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மார்க் போட்டு வருகிறது. தேசிய சராசரி அந்த ஆண்டு 57. பிறகு 60, 66, கடைசியாக 2023-24க்கு 71. அதைவிட எனக்குப் பிடித்தது வகுப்புகளின் பெயர்கள். நூறு வாங்கினால் அச்சீவர், 65 முதல் 99 வரை ஃப்ரன்ட் ரன்னர், 50 முதல் 64 வரை பெர்ஃபார்மர். ஐம்பதுக்குக் கீழே, பூஜ்யமே வாங்கினாலும், ஆஸ்பிரன்ட், அதாவது ஆசைப்படுகிறவர். எங்கள் கணக்கு வாத்தியார் முட்டை போட்டு, அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, வகுப்புக்குக் காட்டுவார். அன்றைக்கு ஒரு நிதி ஆயோக் இருந்திருந்தால் நான் கணிதத்தில் ஆசைப்படுகிறவனாக மானத்தோடு வளர்ந்திருப்பேன்.

2023-24 பட்டியலில் கேரளமும் உத்தரகண்டும் 79 வாங்கி முதலிடம். தமிழ்நாடு 78. உத்தரகண்டைத் தனியாகப் பாராட்டியே ஆக வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே ஜோஷிமட் என்ற ஊர் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. வீடுகள் விரிசல் விட்டு, ஜனங்கள் சட்டிபானையோடு வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பரில், மலையைக் குடைந்து சாலை போட்ட சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 தொழிலாளிகள் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். நல்லவேளை, உயிரோடு மீண்டார்கள். இத்தனைக்கும் நடுவே மார்க்கில் ஒரு கீறல் விழவில்லை. 'நிலையான' என்ற சொல்லை ஊருக்குக் கொடுக்க முடியாவிட்டாலும் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டார்கள். சராசரியின் மகிமை அது. எல்லா மூட்டையையும் ஒன்றாகப் போட்டு நிறுத்தால் அரிசிக்கும் ஒரே முள்தான், அதிலிருக்கிற கல்லுக்கும் ஒரே முள்தான்.

அடுத்து வாய்தா. வாய்தா வாங்குவதில் நம் முன்சீப் கோர்ட்டு வக்கீல்களை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். தாத்தா போட்ட வரப்பு வழக்குக்குப் பேரன் போய் நிற்கிற ஊர் இது. உலகத்தார் அவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். சாலை விபத்துச் சாவுகளை 2020க்குள் பாதியாக்குவது என்று 169இல் ஒன்று இருக்கிறது. 2020 வந்தது, பாதியாகவில்லை. 2021 முதல் 2030 வரை சாலைப் பாதுகாப்பின் இரண்டாம் பத்தாண்டு என்று அறிவித்து அதே பாதியை அப்படியே பத்து வருஷம் தள்ளி வைத்தார்கள். 2021இல் உலகம் முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2010ஐவிட 5 சதவீதம் குறைவாம். இந்தியாவில் 2022இல் மட்டும் 1,68,491 பேர். செத்தவர்களுக்கு வாய்தா கிடையாது என்பது ஒன்றுதான் இந்த ஏற்பாட்டில் குறை.

இதற்கெல்லாம் மூத்த வாய்தா ஒன்று உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பது என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானம் போட்டது. எழுபதுகளின் நடுவில் நிறைவேற வேண்டியது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டன. மற்றவர்கள் நிதானம் தெரிந்தவர்கள். எல்லாருடையதையும் சேர்த்துப் பார்த்தால் 2024இலும் சொன்னதில் பாதியைச் சுற்றித்தான் நின்றது. இலக்குகளுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்று ஐ.நா. சொல்கிறது. 2024இல் ராணுவங்களுக்கு உலகம் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர். அந்தப் பணத்துக்கு வாய்தா கேட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. சுகாதாரத்துக்கோ கல்விக்கோ கொடுப்பதைவிட வாங்கிய கடனுக்கு வட்டியாக அதிகம் கொடுக்கிற நாடுகளில் 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள். சொன்ன தேதியில், சொன்ன தொகையைக் கட்டுகிற ஒழுக்கம் உலகத்தில் இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு அந்த ஏழை நாடுகளே சாட்சி.

'ஒருவரையும் விட்டுவிடாமல்' என்பது இலக்குகளின் தாரக மந்திரம். அதை நிறைவேற்ற நாம் கையாண்ட உபாயம் சாணக்கியனுக்கே தோன்றாதது: ஆட்களை எண்ணுவதை நிறுத்திவிட்டோம். கடைசியாகத் தலை எண்ணியது 2011இல். 2021இல் எண்ண வேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், கொரோனா போன பிறகும் தள்ளிப்போய், இப்போது 2027 என்று முடிவாகியிருக்கிறது. பதினைந்து வருஷப் பரீட்சையில் பத்து வருஷத்துக்கு மேல் வருகைப்பதிவேடே இல்லாமல் மார்க் போட்டிருக்கிறோம். பேர் கூப்பிட்டால்தானே வராதவன் யார் என்று தெரியும்?

இது வெறும் காகித விவகாரம் இல்லை. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மானிய தானியம் கிடைப்பது கிராமத்தில் முக்கால்வாசிப் பேருக்கு, நகரத்தில் பாதிப் பேருக்கு. எத்தனை பேரில் முக்கால் என்றால், 2011இல் எண்ணிய பேரில். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு இப்போது பத்து வயது தாண்டியிருக்கும். சட்டத்தின் கணக்கில் அது இன்னும் பிறக்கவில்லை. இதனால் விட்டுப்போனவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020லேயே கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு இந்த வடிகட்டல் இல்லை என்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. ஜார்க்கண்டிலோ பீகாரிலோ ஒரு வீட்டில், கார்டில் பேர் இருக்கிற மூன்று பேர் வாங்கிவந்த தானியத்தில் பேர் இல்லாத இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். பகிர்ந்து உண்ணும் பண்பாட்டை இவ்வளவு மலிவாக வேறு எந்த அரசும் வளர்த்ததில்லை.

சரி, நியூயார்க், டெல்லி எல்லாம் போதும். எங்கள் ஊருக்கு வருகிறேன்.

சென்ற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஊரில் இருந்தேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பந்தல், அதன் பின்னால் பதினேழு வண்ணக் கட்டம் போட்ட ஃப்ளெக்ஸ். காற்றில் ஒரு முனை அவிழ்ந்து ஏழாவது கட்டத்துக்கு மேல் மடிந்து தொங்கியது. பதினேழைப் பஞ்சாயத்துக்குத் தக்கபடி ஒன்பது கருப்பொருளாகச் சுருக்கியிருக்கிறார்கள்: வறுமையில்லா ஊராட்சி, நீர் தன்னிறைவு ஊராட்சி, நல்லாட்சி ஊராட்சி என்று வரிசையாக வரும். அதற்கும் நாடு தழுவிய மார்க் பட்டியல் 2025இல் வந்தது. 2,16,285 பஞ்சாயத்துகளில் அச்சீவர் ஒருவரும் இல்லை. நாற்பதுக்கும் கீழே எடுத்தவர்கள் 5,896. அவர்களுக்குப் பெயர் பிகின்னர். ஆசைப்படுவதற்கே இப்போதுதான் தொடங்குகிறார்கள் போலும்.

நல்லாட்சி ஊராட்சிக்குத் தலைவர் நாற்காலியில் தலைவர் இல்லை, தனி அலுவலர் இருந்தார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்னாலும் 2016 அக்டோபர் முதல் மூன்று வருஷத்துக்கு மேல் இப்படித்தான். பதில் சொல்லும் பொறுப்புள்ள அமைப்புகள் வேண்டும் என்பது பதினாறாவது இலக்கு. பதில் சொல்ல ஆளே இல்லாவிட்டால் தப்பான பதில் வராது. இதைவிடப் பொறுப்பு வேறென்ன?

கிளார்க் தம்பி ஒன்பது கருப்பொருளையும் மூச்சுவிடாமல் வாசித்தான். நீர் தன்னிறைவு வந்தபோது, எங்கள் ஊரில் நூறு சதவீத வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு என்று குரலை உயர்த்தினான். பொய் இல்லை. 2019இல் நாட்டில் 3.23 கோடிக் கிராம வீடுகளில்தான் குழாய் இருந்தது. இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. முதலில் 2024க்குள் முடிப்பதாக இருந்தது, இப்போது 2028. குழாய் போட்டது மெய்யாகவே பெரிய வேலைதான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு அப்பத்தா கையைத் தூக்கியது.

"ஏய்யா, குழா வந்துருச்சு. தண்ணி எப்ப வரும்?"

"அப்பத்தா, கணக்குல உங்க வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சு."

"அப்புடியா? கணக்குல வர்ற தண்ணியக் கணக்குக் கொடத்துலதான புடிக்கணும். அது எந்தக் கடையில விக்கிது, சொல்லு."

கூட்டம் சிரித்தது. தனி அலுவலரும் சிரித்தார், நல்ல மனிதர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்து மெயின் லைன் அடுத்த கட்டத்தில் வந்துவிடும், மேல்நிலைத் தொட்டி தயாராகத்தான் இருக்கிறது என்று விளக்கினார். அப்பத்தாவும் தலையாட்டியது.

கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய் அந்தக் குழாயைப் பார்த்தேன். வாசலில் சின்னதாக ஒரு சிமென்ட் தூண், அதில் நீலப் பெயின்ட், வீட்டு எண், பூஜை போட்ட நாளில் வைத்த சந்தனமும் குங்குமமும். குழாய்த் திருகு புதுக்கருக்கு அழியாமல் வெயிலில் பளபளத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டுத் துரு ஏறவில்லை, ஒரு குடம் இடித்து நசுங்கவில்லை. தெருமுனையில் அடிபம்பு நிற்கிறது. கைப்பிடி பத்துப் பதினைந்து வீட்டுக் கையும் பட்டுத் தேய்ந்து வெள்ளியாகிவிட்டது. முனையில் இரண்டு இடத்தில் வெல்டிங். வாசர் போய் மாதத்தில் நாலு நாள் கழற்றிப் போட்டுக் கிடக்கும். தொண்டைமானின் ஆயுதசாலைக்குள் போய்வந்த ஔவையார் எங்கள் தெருவுக்கும் ஒருநடை வந்திருக்கலாம்.

அந்த அடிபம்பைப் பற்றி ஒரு புகார் எழுத வேண்டும். 1970களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் வடிவமைத்த இந்தியா மார்க்-2. உலகத்திலேயே அதிகம் பரவிய அடிபம்பு அதுதான் என்கிறார்கள். வண்ணக் கட்டம் இல்லை, மார்க் இல்லை, தன்னார்வ அறிக்கையும் இல்லை. அடித்தால் தண்ணீர் வரும். இப்படி நடைமுறை தெரியாத பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் கருக்கலிலேயே வந்து அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது 2030 வரைக்கும் டைம் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மணி அடிப்பதற்குள் கிச்சடி ஆகிவிடுகிறது. கேரளத்துக்காரர்கள் இன்னும் மோசம். பரம ஏழைகள் எத்தனை பேர் என்று சராசரி போடாமல் வார்டு வார்டாக வீடு தேடிப் போய் 64,006 குடும்பம் என்று எண்ணினார்கள். பிறகு இந்த வீட்டுக்கு மருந்து, அந்த வீட்டுக்கு ரேஷன் கார்டு, இன்னொன்றுக்குக் கூரை என்று தனித்தனியாகத் திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1ஆம் தேதி முடித்துவிட்டோம் என்றார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று பொருளாதாரம் படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். கேட்பதற்கு ஒரு எண்ணும் விலாசமும் கொடுத்தது அவர்கள் தப்பு. 'ஆசைப்படுகிறோம்' என்று விட்டிருந்தால் யார் என்ன கேட்டிருக்க முடியும்?

திரும்பி வந்தபோது தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறியிருந்தன. கிளார்க் தம்பி மினிட் புத்தகத்தை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தான். நீர் தன்னிறைவு அடைந்ததற்கு மகிழ்ச்சி தெரிவிக்கும் தீர்மானம் நாலாவதாக இருந்தது. அப்பத்தா கைநாட்டு வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு.

பேப்பர் கப்பில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். டீ நன்றாக இருந்தது. டீ போட்ட பையன் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த நடைக்குத் தெருமுனைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்டது.